மாமரத்தில் ஏறிய காஞ்சிர மரவாழை

எர்ணாகுளத்திலிருந்து வரும் பேருந்து தோப்பும்படியைத் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை கூடிவிடுகிறது. அதை ஒட்டியே சுள்ளிக்கல். மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் கோட்டைக் கொச்சியின் சீன வலைகளுக்கும் போகிறவர்கள் இந்த ஊரைச் சன்னல் வழியாகப் பார்த்தபடி கடந்துவிடுவார்கள். நான் இங்கே இறங்கியது மரங்களுக்காக. வீடுகள் நெருக்கமாக இருந்தாலும் பழைய காம்பவுண்டுகளுக்குள் ஒரு மாவோ பலாவோ, கூட இரண்டு தென்னையோ நிற்கும். மே மாதக் கடைசி. இடவப்பாதி மழை இன்னும் இறங்கவில்லை. புழுக்கம் மட்டும் வந்துவிட்டது. காட்டு ஆர்க்கிடுகளைப் பார்க்க இதைவிட நல்ல பருவம் கேரளக் கரையோரத்தில் கிடையாது.

ஆர்க்கிடைத் தேடிப் போகிறவர்கள் மூணாறுக்கும் வயநாட்டுக்கும் போவார்கள். நான் ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் பெயர்ப் பலகையோடு வளரும் செடிகளைப் பார்த்துப் பழகியவன். பலகை இல்லாத இடத்தில், நகரத்துக்கு நடுவே, சுவரோரத்து மரத்தில் அவற்றை அடையாளம் காண வேண்டும் என்ற ஆசைதான் என்னைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அதற்கு வலுவான காரணம் ஒன்றும் உண்டு. இந்தியாவின் காட்டு ஆர்க்கிடுகள் பல, அச்சில் முதன்முதலாக உலகத்துக்குத் தெரிந்தது இந்த ஊர் வழியாகத்தான்.

சுள்ளிக்கல்லின் மாடி முகப்புகளில் ஆர்க்கிடுக்குப் பஞ்சமே இல்லை. தேங்காய் மட்டையும் கரித்துண்டும் போட்ட தொட்டிகளில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தொங்குகின்றன. எல்லாம் தாய்லாந்து வழியாக வந்த கலப்பின டெண்ட்ரோபியங்கள். அழகானவைதான், மாதக்கணக்கில் வாடாதவைதான். ஆனால் அந்த முகப்புகளில் ஒன்றுக்கு நேர் கீழே நின்ற முதிர்ந்த மாமரத்தின் கவட்டில், தடித்த பச்சை இலைகள் கொத்தாகக் கிளம்பி, அதிலிருந்து ஒரு முழத்துக்கும் மேலான பூச்சரம் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டருகே துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவிடம், “சேச்சி, இந்த மரத்துப் பூவைக் கொஞ்சம் கிட்ட வந்து பார்க்கலாமா?” என்றேன். “அது மரவாழ அல்லே! எல்லா வருஷமும் மழைக்கு முன்னே பூக்கும். பார்த்தோளூ மோனே” என்று கேட்டைத் திறந்துவிட்டார். செடியை யாரும் வைக்கவில்லை, தண்ணீர் விடவில்லை, தானே வந்தது என்றும் சொன்னார்.

சிம்பிடியம் அலோஇஃபோலியம். கற்றாழை இலை கொண்டது என்று பொருள்படும் பெயர். பூ இல்லாத மாதத்திலும் இதைக் கண்டுகொள்ளலாம். இலை வாள் வடிவில், தோல் தடிப்பில், விறைப்பாக இருக்கும். நுனியைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சமமில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். அடியில் இலைக்காம்புகளுக்குள் ஒளிந்த சிறு குமிழ்கள் இருக்கும். வறண்ட மாதங்களுக்கான தண்ணீர்ச் சேமிப்பு அவற்றில்தான். பூவின் இதழ்கள் வெளிர்மஞ்சள், ஒவ்வொன்றின் நடுவிலும் அரக்குக் கோடு.

காட்டு ஆர்க்கிடை இனங்காண வேண்டுமானால் நிறத்தில் மயங்காமல் அமைப்பைப் படிக்க வேண்டும். வெளியே மூன்று புல்லிகள், உள்ளே மூன்று அல்லிகள். உள்ளிருக்கும் மூன்றில் ஒன்று மட்டும் மற்ற இரண்டையும்விட வேறாக வளர்ந்திருக்கும். அதற்கு உதடு என்று பெயர். பூச்சி வந்து இறங்கும் தளம் அதுதான். உதட்டுக்கு நேர் எதிரே ஒரு குட்டித் தண்டு வளைந்து நிற்கும். மற்ற பூக்களில் தனித்தனியாக இருக்கும் மகரந்தத்தாளும் சூலகமுடியும் ஆர்க்கிடில் ஒன்றாய் இணைந்து இந்தத் தண்டாகிவிட்டன. மகரந்தமும் தூளாகச் சிதறாது, மெழுகுக் கட்டிகளாகத் திரண்டு ஒரு மூடிக்குள் அடைபட்டிருக்கும். இந்த உதடு, தண்டு, கட்டி மூன்றையும் பார்க்காமல் எந்த ஆர்க்கிடுக்கும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. கட்டிகள் இரண்டா நான்கா எட்டா, அவற்றுக்குக் காம்பு உண்டா, அடியில் ஒட்டும் தட்டு எந்த வடிவம் என்பதை வைத்துத்தான் பேரினங்களைப் பிரிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மொட்டாக இருக்கும்போது உதடு மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. பூ விரிவதற்கு முன்பு பெரும்பாலான ஆர்க்கிடுகளில் காம்பு 180 பாகை முறுக்கிக்கொண்டு உதட்டைக் கீழே கொண்டுவந்துவிடும். வரப்போகும் பூச்சிக்கு இறங்குதளம் அமைக்கும் வேலை அது. சரம் கீழ்நோக்கித் தொங்கும் செடிகளில் அவ்வளவு முறுக்கு தேவைப்படாது.

மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பூ ஒன்றை எடுத்து, சேச்சியின் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியும் வாங்கி, உதட்டை ஒட்டி மெல்ல உள்ளே விட்டு வெளியே இழுத்தேன். மூடி கழன்று விழுந்தது. ஈர்க்கின் நுனியில் இரண்டு மஞ்சள் கட்டிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. தேனீயின் முதுகில் நிகழ்வது இதுவேதான். நம்மூர் அடுக்குத் தேனீ உதட்டின் மேலேறி உள்ளே தலையை விடுகிறது. உள்ளே தேன் ஒரு துளியும் இல்லை. ஏமாந்து பின்வாங்கும்போது அதன் முதுகு தண்டின் நுனியில் உரசுகிறது, கட்டிகள் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த பூவில் மறுபடி ஏமாறும்போது அவை அங்கே இருக்கும் பசைக்குழியில் பதிந்துவிடுகின்றன.

உலக ஆர்க்கிட் இனங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இப்படிக் கூலி கொடுக்காதவை என்று கணக்கிடுகிறார்கள். இதில் செடிக்கு ஒரு பெரிய ஆதாயம் உண்டு. தேன் கிடைத்த தேனீ அதே செடியின் அடுத்தடுத்த பூக்களில் மேய்ந்துகொண்டிருக்கும். தன் மகரந்தமே தனக்கு வந்து சேரும். ஏமாந்த தேனீ சலித்துத் தூரத்துக்குப் பறந்துவிடும்; மகரந்தம் வேறு மரத்தில் இருக்கும் வேறு செடிக்குப் போகும். ஜப்பானில் சிம்பிடியத்தின் மற்றோர் இனம், அந்நாட்டு அடுக்குத் தேனீக்களை வாசனையால் மட்டுமே கூட்டங்கூட்டமாக இழுத்துவிடுகிறது. வேலைக்காரத் தேனீக்கள் மட்டுமல்ல, ஆண் தேனீக்களும் கூடு பிரிந்து செல்லும் திரளும்கூட அந்தப் பூவை மொய்க்கின்றன.

1862இல் ஆர்க்கிடுகளின் மகரந்தச் சேர்க்கை பற்றித் தனி நூலே எழுதிய சார்லஸ் டார்வின், கூர் சீவிய பென்சிலை இங்கிலாந்தின் புல்வெளி ஆர்க்கிட் ஒன்றுக்குள் விட்டுப் பார்த்தார். பென்சிலில் நிமிர்ந்து ஒட்டிய கட்டி, சராசரியாக அரை நிமிடத்துக்குள் தானே முன்னோக்கிச் சாய்ந்தது. பூச்சி ஒரு பூவிலிருந்து வேறொரு பூவுக்குப் போய்ச் சேரும் அவகாசத்துக்குள் கட்டி சரியான கோணத்துக்கு வந்துவிடுகிறது. பூவின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் வரவிருக்கும் பூச்சியின் உடல் அளவுக்கு அமைந்தது என்பதை அவர் அந்தப் பென்சிலை வைத்தே காட்டினார்.

சுள்ளிக்கல்லிலிருந்து வடக்கே நடந்தால் செர்லாய். கொங்கணி பேசும் குடும்பங்களின் தெரு, திருமலை தேவஸ்வம் கோயில், பப்படக் கடைகள். இங்கே வந்தால் 1675ஐ நினைக்காமல் இருக்க முடியாது. போர்ச்சுகீசியரிடமிருந்து 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்களின் மலபார் ஆளுநராக இருந்தவர் ஹென்றிக் வான் ரீட். இந்த மண்ணின் செடிகளை எல்லாம் படமாக வரைந்து விவரம் எழுத வேண்டும் என்று புறப்பட்டார். செடிகளைத் தெரிந்தவர்கள் இவ்வூர்க்காரர்கள்தான். சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியின் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி வைத்தியர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோர் பெயரும் பயனும் சொன்னார்கள். தாம் சொன்னவை உண்மை என்று இட்டி அச்சுதன் கோலெழுத்தில் கையொப்பமிட்ட சான்று 1675 ஏப்ரல் 20 தேதியிட்டது. ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற பெயரில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்த நூலில் 742 தாவரங்கள். கடைசித் தொகுதி அச்சேறும்போது வான் ரீட் உயிரோடு இல்லை.

அந்தப் பன்னிரண்டாம் தொகுதியின் தொடக்கத்தில்தான் ஆர்க்கிடுகள் வரிசையாக வருகின்றன. எல்லாம் மரவாழை என்ற பொதுப் பெயரில். எந்த மரத்தில் கண்டார்களோ அதன் பெயர் முன்னால் சேர்ந்துகொள்கிறது: அயனி மரத்து மரவாழை, ஈட்டி மரத்து மரவாழை, காஞ்சிர மரவாழை. காஞ்சிரம் நம்முடைய எட்டி மரம். சுள்ளிக்கல்லின் மாமரத்தில் நான் பார்த்தது அந்தக் காஞ்சிர மரவாழையேதான். 1753இல் சுவீடனில் இருந்த லின்னேயஸ் செடியைக் கண்ணால் பார்க்காமல் அந்தச் செப்புத்தகட்டுப் படத்தை வைத்தே அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அப்படியே ஈட்டி மரத்து மரவாழைக்கும், பொன்னிறப் பூக்கொண்ட பொன்னம்பு மரவாழைக்கும், அனந்தாளி மரவாழைக்கும் சூட்டினார். எல்லாவற்றையும் ‘எபிடெண்ட்ரம்’ என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டுவிட்டார். ‘மரத்தின் மேல்’ என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். வீட்டுச் சுவரைப் பார்த்து ஆளுக்குப் பெயர் வைப்பது போன்றது அது.

மரத்தை வைத்தோ உயரத்தை வைத்தோ ஆர்க்கிடை அறிய முடியாது என்பது பிறகு வந்தவர்கள் பூவைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெளிந்தது. காஞ்சிர மரவாழை சிம்பிடியம் ஆயிற்று; ஈட்டி மரத்தது ரிங்கோஸ்டைலிஸ் ஆயிற்று; அனந்தாளி டெண்ட்ரோபியம் ஆயிற்று. பொன்னம்பு மரவாழை நெடுங்காலம் வாண்டா பேரினத்தில் இருந்துவிட்டு, இலங்கையின் பழம்பெயரைத் தாங்கி டாப்ரோபேனியா என்று தனிப் பேரினமாகிவிட்டது. தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் அது வளர்கிறது. ஆனாலும் அந்தப் பழைய வைத்தியர்கள் கவனித்ததை நான் குறைத்து மதிக்கமாட்டேன். எந்த மரத்தின் பட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கும், எதன் நிழல் பாதி வெயில் விடும் என்ற அறிவு அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. லத்தீனில் பூட்டிக் கிடந்த அந்த நூலை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவரத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கா. சு. மணிலால். ஆங்கிலப் பதிப்பு 2003இல் வந்தது. இந்திய ஆர்க்கிடுகளுக்குப் பெயர்ப்பட்டியல் தொகுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆர்க்கிடைத் தேடிக் கொச்சிக்கு வரும் யாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

மட்டாஞ்சேரியின் மசாலாத் தெருவில் ஓர் ஆர்க்கிட் விலைக்கு விற்கிறது. ஏலமும் கிராம்பும் அடுக்கிய கடையில், கண்ணாடிக் குழாய்க்குள் கறுத்துச் சுருங்கிய காய்கள்: வனிலா. மெக்சிகோவிலிருந்து வந்த கொடி. அதன் பூவில் மகரந்தத்துக்கும் சூலகமுடிக்கும் நடுவே ஒரு சவ்வு மடல் தடுப்பாக நிற்கிறது. தன் மகரந்தம் தனக்கே விழாமல் இருக்க ஆர்க்கிடுகள் செய்துகொண்ட ஏற்பாடு. சொந்த நாட்டுத் தேனீ இல்லாத இடத்தில் கொடி பூக்கும், காய்க்காது. 1841இல் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், மெல்லிய குச்சியால் அந்த மடலைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலால் இரண்டையும் அழுத்திச் சேர்த்தான். இன்றும் இடுக்கியிலும் பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளிலும் காலை வேளையில் ஒவ்வொரு பூவையும் அதே முறையில்தான் கையால் தொட்டுவிடுகிறார்கள். பூ ஒரு நாளுக்குள் வாடிவிடும். ஒரு பூவின் அமைப்பைச் சரியாகப் பார்த்த ஒரு குழந்தையின் கண்ணுக்கு ஒரு பயிர்த்தொழிலே கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கடையில் நின்றபோது என் மனம் நிறைந்துவிட்டது.

வனிலாவுக்கு நம் மண்ணிலேயே உறவு உண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இலையே இல்லாத பச்சைத் தண்டாகப் படரும் வனிலா வாக்கெரியே. கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் அது தெரியாது, தெரிந்தால் மகிழ்வார்கள்.

அதைப் போலவே நம் மண்ணுக்கும் இலங்கைக்கும் உரிய வேறொரு காட்டு ஆர்க்கிட் கேரளத்தின் வடபகுதியில் இருக்கிறது. அதன் உதடு, ரோமம் பூத்த கருஞ்செந்நிற உடலும் மஞ்சள் விளிம்புமாகத் தேனீ அமர்ந்திருப்பதாகவே தோன்றும். காட்டோனியா பெடங்குலாரிஸ். கொள்ளிடத்தின் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டனை நமக்குத் தெரியும். அவர் தம்பி ஃபிரெடெரிக் காட்டனும் சென்னை மாகாணத்துப் பொறியாளர். அவர் பெயரைத்தான் ராபர்ட் வைட் இந்தச் செடிக்கு வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள பேரினம் இது.

கோட்டைக் கொச்சிக்குப் போகும் வழியில் வெளி மைதானத்தருகே சலவைத்துறை இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டதாகச் சொல்லும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே தமிழ் பேசி வாழ்கின்றன. கல்தொட்டிகளுக்கு அப்பால் கயிறுகளில் வெள்ளை வேட்டிகள். அங்கே நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் பெரியவர் ஒருவர், “என்ன தம்பி பாக்குறீங்க? அது புல்லுருவி. மரத்தோட சத்தையெல்லாம் உறிஞ்சிரும். வெட்டச் சொல்லிக்கிட்டே இருக்கேன்” என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. அந்த மரத்தில் இரண்டுமே இருந்தன. “ஐயா, அந்த உச்சிக் கிளையில ஆரஞ்சுக் குழல் பூ இருக்குது பாருங்க, அது புல்லுருவி. அதோட வேர் கிளைக்குள்ள துளைச்சுப் போயிருக்கும். இந்தத் தடிச்ச இலைக்காரி அப்படியில்ல. பட்டையை மட்டும் பிடிச்சுக்கிட்டிருக்கா” என்று காட்டினேன். வெள்ளை வேர்கள் பட்டைமேல் படர்ந்திருந்தன. ஒரு குவளைத் தண்ணீரை அவற்றின்மேல் ஊற்றியதும் வெண்மை மறைந்து பச்சை தெரிந்தது. வேரைச் சுற்றி உலர்ந்த பஞ்சு உறை இருக்கிறது; மழைநீரும் பனியும் பட்டவுடன் உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த உறை ஒளியை உள்ளே விடுவதால் அடியில் இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. மரத்திலிருந்து இடம் மட்டும்தான் வாங்குகிறது, சாப்பாடு வாங்கவில்லை. பெரியவர் இன்னொரு குவளை ஊற்றித் தானே பார்த்தார். “அப்ப அதை விட்டுரச் சொல்லிடறேன்” என்றார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தவற்றில் அந்த ஒரு வாக்கு பெரியது.

அவர் மரத்தில் இருந்தது அகாம்பே ப்ரெமோர்சா. அதுவும் பன்னிரண்டாம் தொகுதியில் இருக்கிறது. குமிழ் கிடையாது, ஒற்றைத் தண்டு மேலே மேலே வளர, இருபுறமும் வரிசையாகத் தடித்த இலைகள். இலைநுனி யாரோ கடித்துத் துப்பிய மாதிரி இருக்கும். இனப்பெயரும் அதையே சொல்கிறது. பூ சிறியது: மஞ்சள் இதழில் செம்பழுப்புப் பட்டைகள், வெள்ளை உதடு. இதே உடலமைப்போடு, இலை சற்று நீண்டு வாய்க்காலாகக் குழிந்து, ஒரு முழ நீளத்துக்கு ஊதாப் புள்ளியிட்ட பூக்கள் இடைவெளியில்லாமல் நெருங்கித் தொங்கினால் அது ரிங்கோஸ்டைலிஸ், நரிவால் ஆர்க்கிட். அசாமில் பிஹுப் பண்டிகையில் பெண்கள் கொண்டையில் சூடும் கபௌ பூ அதுவே. அம்மாநிலத்தின் பூவும் அதுவே. பூ இல்லாத காலத்தில் இந்த இரண்டையும் இலையைத் தொட்டுப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

அகாம்பேவை நான் தேடியதற்குத் தனிக் காரணம் மழை. தென்சீனத்தில் வளரும் இதன் நெருங்கிய உறவான அகாம்பே ரிஜிடாவைக் கவனித்த ஆய்வாளர்கள் 2012இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். பொதுவாக மழை மகரந்தத்துக்கு எதிரி. பூக்கள் குனிந்தும் மூடியும் தப்பிக்கும். அந்தச் செடியோ மழையையே வேலைக்கு வைத்திருக்கிறது. துளி விழுந்து மூடியைத் தட்டிவிடுகிறது. அடுத்த துளி கட்டிகள்மேல் விழ, அவை மேலே துள்ளி, மீள்தன்மையுள்ள காம்பால் பின்னுக்கு இழுக்கப்பட்டு, சரியாகப் பசைக்குழிக்குள் போய் விழுகின்றன. பூச்சியே வராத மழைக்காலத்திலும் காய் பிடித்துவிடுகிறது. காய்க்குள் தூசியளவு விதைகள் எண்ணிலடங்காமல் இருக்கும். விதைக்குள் உணவுச் சேமிப்பு இல்லை. பட்டையில் வாழும் தகுந்த பூஞ்சையைச் சந்தித்து அதனிடமிருந்து உணவு பெற்றால்தான் முளைக்கும். மகரந்தம் தூளாகப் பறக்காமல் மொத்தக் கட்டியாகப் போவதன் காரணமும் இங்கேதான் விளங்குகிறது. ஒரே வருகையில் அத்தனை சூல்களுக்கும் வேண்டிய மகரந்தம் வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்தியாவில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் இருப்பதாகத் தாவரவியல் ஆய்வுத் துறை 2019இல் பட்டியலிட்டது. அவற்றில் 388 இந்தியாவுக்கே உரியவை. அகத்தியமலையில் மட்டும் வளரும் தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட் போன்றவை சேகரிப்பாளர்களின் பேராசையால் அழிவின் விளிம்புக்குப் போயின. கரையோரத்து மரவாழைகளுக்கு அந்த ஆபத்து குறைவு. அவற்றுக்கு வரும் ஆபத்து அரிவாளும் ரம்பமும்தான்.

கோட்டைக் கொச்சியின் பரேடு மைதானத்தைச் சுற்றி நிற்கும் பிரம்மாண்டமான தூங்குமூஞ்சி மரங்கள் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. வந்த மரத்தின் சொரசொரப்பான பட்டையை உள்ளூர்ப் பெரணிகளும் ஆர்க்கிடுகளும் சொந்த வீடாக்கிக்கொண்டுவிட்டன. நான் போன அன்று மழைக்கு முன்பான கிளை கழிப்பு நடந்துகொண்டிருந்தது. இறக்கிய கிளை ஒன்றில் பெரணிகளுக்கு நடுவே காயோடு ஓர் அகாம்பே. அதைக் கேட்டதும் தொழிலாளர் ஒருவர் பட்டையோடு சேர்த்தே செதுக்கிக் கொடுத்தார். வேரை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். தொட்டியும் உரமும் வேண்டாம். வேர்ப்பக்கம் பட்டையில் படும்படி வைத்துத் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். நைலான் கயிறு கூடாது. அது தண்டை அறுக்கும். நார் மெல்ல இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துவிடும். வெட்டப்படாத பக்கத்து மரத்தில், ஆளுயரத்துக்கு மேலே, காலை வெயில் மட்டும் படும் திசையில் இருவருமாகக் கட்டினோம். அவர் மீதிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, “அந்தக் கிளையில் இன்னும் ரெண்டெண்ணம் உண்டு” என்றபடி ரம்பத்தைக் கீழே வைத்தார்.